யூதனிடம் கேட்காத சம்மதம்

வேலூரில் நாங்கள் ஆசிரியப் பயிற்சி படித்த காலத்தில் எங்களில் ஒருத்தியும் யூதரைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஆளை வெறுப்பது எவ்வளவு சுலபம் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பழைய இங்கிலீஷ் நாடகத்தைத் தமிழில் போடப் போவதாக மிஸ்ஸியம்மா சொன்னார். எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நாடகத்தில் ராஜகுமாரன்கள், நீதிபதி, காதலர்கள், கோமாளி எல்லாம் உண்டு. ஒவ்வொரு வேஷத்துக்கும் நாலு பெண்கள் போட்டி போட்டார்கள். யூதன் வேஷத்துக்கு ஒருத்தியும் கை தூக்கவில்லை.

"ஏசுவ சிலுவையில ஏத்தின ஜாதி. எங்க வூட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க, நான் போட மாட்டேன்" என்றாள் ஒருத்தி.

"ஏசுவும் யூதர்தானே?" என்று நான் கேட்டேன். வேத வகுப்பில் நானும் உட்கார்ந்து கேட்டதுதான். கேள்வி கேட்டவள் தலையிலேயே காரியத்தைக் கட்டுவது எல்லா இடத்திலும் வழக்கம் போலிருக்கிறது.

"அக்காவுக்கே குடுத்துடுங்க. பொட்டில்லாத மொகம், தாடி ஒட்ட வசதியா இருக்கும்" என்றாள் பின்னால் இருந்து இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அன்று முழுக்க என்னைச் சமாதானம் செய்ய வந்து உயிரை எடுத்திருப்பார்கள்.

நான் விதவை. இருபது வயது தாண்டும் முன்பே காலராவில் புருஷனைக் கொடுத்துவிட்டேன். கையில் ஒரு பெண் குழந்தை. அண்ணன் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். மாமனார் மாதனூரில் விவசாயம் பார்த்தார். அவருக்கு என் புருஷன் ஒரே பிள்ளை. மகன் போன பிறகு பேத்தி ஒன்றுதான் அவருக்கு மிச்சம். குழந்தையைத் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்டார். நான் படித்து வாத்தியாரம்மா ஆகி என் குழந்தையை நானே வளர்ப்பேன் என்றேன். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் படிக்கலாம், அதுவரை குழந்தை அண்ணன் வீட்டில் வளரலாம். ஆனால் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்களின் பள்ளியில் சேர்ந்து நான் மதம் மாறினால், குழந்தை அன்றைக்கே மாதனூர் போய்விட வேண்டும். அண்ணன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். கை கொப்பளித்துப் பத்து நாள் பேனா பிடிக்க முடியவில்லை என்று அண்ணி என்னிடம் வெகுநாள் சொல்லிக் காட்டினாள்.

இந்த நிபந்தனை எனக்கு முதலில் ஒரு பொருட்டாகவே இல்லை. மதம் மாறுவதா, நானா என்றிருந்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பெண்களோடு அவர்கள் வேதக் கோயிலுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். முதலில் விடுதியில் தனியாக இருக்கப் பிடிக்காமல்தான் போனேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் விளக்கை என்னை ஏற்றச் சொன்னார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். தாலி கட்டும் நேரத்தில் நான் தப்பித் தவறி வாசல் பக்கம் வந்துவிடக் கூடாதென்று ஒருத்தியைக் காவலும் வைப்பார்கள். அப்படிப்பட்ட என் கையில் தீக்குச்சியைக் கொடுத்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று நான் விளக்கை ஏற்றிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன். அதற்குப் பிறகு ஒரு நாள் போதகரிடம் நானே போய் எனக்கும் சேர வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் நடுவயதுத் தமிழர், அதிகம் பேசாதவர். என் குழந்தையின் விஷயம் அவருக்குத் தெரியும்.

"முதல்ல படிப்ப முடிங்கம்மா. குழந்தை உங்க கைக்கு வரட்டும். கடவுளுக்கு அவசரம் கிடையாது" என்றார். அதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

யூதன் வேஷத்துக்கு வருகிறேன். தாடிக்கு அண்ணன் மண்டியிலிருந்து ஆட்டுமயிர் அனுப்பினான். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட்டுச் சீவும்போது கழியும் மயிர் அது. எத்தனை முறை அலசினாலும் சுண்ணாம்பு நாற்றம் போகவில்லை. முகத்தில் ஒட்டினால் அரித்துத் தொலைக்கும். அரிப்போடு அரிப்பாக வசனத்தை மனப்பாடம் செய்தேன். படிக்கப் படிக்க, அதை எழுதியவர் பேரில் எனக்குக் கோபம் வந்தது.

கடனைத் திருப்பாதவன் உடம்பிலிருந்து ஒரு ராத்தல் சதையை அந்த யூதர் கோர்ட்டில் கேட்பது கொடூரமான காரியம்தான். அதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் அந்த அளவுக்கு வெறுத்துப் போனது எப்படி? தெருவில் போனால் துப்புகிறார்கள். பெற்ற மகளே வீட்டை விட்டுப் போய் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். அதைச் சொல்லி ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது. மகள் போன அப்பன் அழுதால் சிரிப்பார்களா? அவர் அழுதால் சிரிக்கிறார்கள். கோர்ட்டில் எல்லாருக்கும் பெயர் உண்டு, அவருக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனாலும் "யூதனே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசியில் வழக்கு அவர் மேலேயே திரும்பி, உயிர் வேண்டுமானால் உன் மதத்தை விட்டு எங்கள் மதத்துக்கு வா என்கிறார்கள். அவர் ஒப்புக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். அத்தோடு அவர் கதை முடிந்தது. அதற்குப் பிறகு நிலா வெளிச்சத்தில் மற்றவர்களுடைய காதல் பேச்சு ஒரு அங்கம் முழுக்க நடக்கிறது.

தானும் மற்றவர்களைப் போல மனுஷன்தான் என்று அவர் பேசுவதற்கு ஒரே ஒரு இடம் இருந்தது. அதை மிஸ்ஸியம்மா வெட்டிவிட்டார். "நீளமாக இருக்கிறது" என்றார். கோமாளியின் வேடிக்கைகளில் ஒன்றும் நீளமாக இல்லை.

அது போதாதென்று, நாடகத்தில் இல்லாத ஒரு காட்சியைத் தானே எழுதிச் சேர்த்தார். யூதனின் ஞானஸ்நானம். எல்லாரும் வெள்ளை உடுத்தி நிற்பார்கள். யூதன் மண்டியிடுவான். போதகர் கேட்பார், யூதன் "ஆம்" என்பான். தலையில் தண்ணீர் வார்த்ததும் பெண்கள் கீர்த்தனை பாடத் திரை விழும். இதைச் சொன்னபோது மிஸ்ஸியம்மாவின் கண் கலங்கியது. அந்த மனிதரை ரட்சிப்பில்லாமல் வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அவரோ நல்லவர்.

"அவர பயமுறுத்தித்தானே சேர்த்துக்கறாங்க? கோயில்ல அப்படிச் செய்ய மாட்டாங்களே" என்று கேட்டேன்.

கோயிலில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சேர வருகிறவரை எல்லார் முன்னிலும் நிறுத்தி, உன் சொந்த விருப்பத்தோடு வருகிறாயா என்று போதகர் கேட்பார். பதில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். குரல் எழும்பாவிட்டால் திரும்பவும் கேட்பார். ஒரு கிழவர் தொண்டை கட்டிப் போய் வந்தபோது, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டதும் எனக்குத் தெரியும். வாய் திறந்து நாலு பேர் காதில் விழச் சொன்ன சொல்தான் அங்கே கணக்கு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் அப்படித்தான்.

"நாமும்தான் கேட்கப் போகிறோமே, மகளே. 'ஆம்' என்று நீ நன்றாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும்" என்றார் மிஸ்ஸியம்மா.

போதகர் வேஷத்துக்கு அவர் நிஜப் போதகரையே கூப்பிட்டார். போதகர் முதலில் மறுத்தார். ஞானஸ்நானம் வேடிக்கைப் பொருள் அல்ல என்றார். மிஸ்ஸியம்மா விடவில்லை. கடைசியில், கிண்ணத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது, பிதா குமாரன் என்று தொடங்கும் வார்த்தைகளைத் தான் சொல்ல மாட்டேன், கேள்வியை மட்டும் கேட்பேன் என்று ஒப்புக்கொண்டார். ஒத்திகையைப் பள்ளி முற்றத்தில் நடத்தினோம். வெறுங்கிண்ணம்தான். மண்டியிட்ட என் தலைக்கு மேல் அவர் கையை நீட்டினார்.

எங்கள் மதில் உயரமானது. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. ஆனால் ஆம்பூர் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும். வண்டியில் பட்டையை ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து போவான். அவனுக்கு மதில் ஒரு தடையே அல்ல. அன்றைக்கு ஒரு வண்டி போனதை நானும் பார்த்தேன், பார்த்து என்ன, தினமும்தான் போகிறது. ஆம்பூர் போகிற வழியில் மாதனூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்துவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

விழா நாளன்று மத்தியானம் அண்ணனும் அண்ணியும் குழந்தையோடு ரயிலில் காட்பாடி வந்து, ஜட்கா பிடித்துப் பள்ளிக்கு வந்தார்கள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் முகமே சரியில்லை.

"ஒரு பேஜார் ஆயிடிச்சிம்மா. மாதனூர் மாமா வந்துகிறாரு. தனியா இல்ல, ஊர்லேர்ந்து ரெண்டு பெரியவங்களயும் கூட்டினு வந்துகிறாரு."

"எதுக்கு?"

"உனக்கு இன்னிக்கி தண்ணி ஊத்தி வேதத்துல சேர்க்கப் போறாங்களாம். நம்ம மண்டிக்கு வர்ற பட்ட வண்டிக்காரன் உன்னக் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டான். நான் நாடகம்னேன். நாடகம்னா இன்னாத்துக்கு நெஜப் பாதிரியார் வர்றாருன்னு கேக்கறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

"கொழந்த எங்க?" என்றேன்.

"அவர்கிட்டதான். தாத்தான்னு தாவிடிச்சி. புடுங்கவா முடியும்?"

மிஸ்ஸியம்மாவிடம் ஓடினேன். அவர் மேடைக்கு வெள்ளைத் திரை கட்டிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வேண்டாம், கோர்ட்டோடு முடித்துவிடலாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நாடகம் என்று எல்லாருக்கும் தெரியுமே, மகளே. பொய் வதந்திக்கு நாம் பயப்படலாமா?"

"உங்களுக்கு நாடகம். மாதனூருக்கு இது நாடகம் இல்ல மிஸ்ஸியம்மா. சாட்சியோட வந்திருக்காங்க. நான் 'ஆம்'னு சொன்னா என் கொழந்த போய்டும்."

"நான் அவர்களிடம் விளக்கிச் சொல்கிறேன்" என்றார். சொல்லவும் சொன்னார். திரை தூக்குமுன் மேடைக்கு வந்து, இது வெறும் நாடகம், யாரும் தவறாக எண்ணக் கூடாது என்று தம்முடைய தமிழில் அழகாகப் பேசினார். என் மாமனார் கைகட்டி மரியாதையாகக் கேட்டாராம். கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், பார்த்தாயா, முன்னாலேயே மறைக்கப் பார்க்கிறார்கள் என்றாராம். இது பிறகு அண்ணன் சொல்லித் தெரிந்தது.

வேஷத்தையே போட மாட்டேன் என்று நான் ஏன் அடம் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். நான் அங்கே இலவசச் சோறு தின்று படிக்கிறவள். மிஸ்ஸியம்மா அதைச் சொல்லிக் காட்டவே மாட்டார், அதனாலேயே அது எந்நேரமும் என் தொண்டையில் நின்றது. படிப்பு போனால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் குழந்தை எப்படியும் மாதனூருக்குத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சின்ன முகம்தான் எதிரே நின்றது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் மாமனார். அவர் மடியில் என் மகள், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் அந்தப் பெரியவர்கள் வெள்ளைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார்கள். தாடியோடு நான் மேடைக்கு வந்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். என் குழந்தையும் கைகொட்டிச் சிரித்தது. அதற்கு நான் யார் என்று தெரியவில்லை.

கோர்ட்டுக் காட்சி வந்தது. நீதிபதி வேஷம் போட்டவள் என் பக்கத்துப் பாய்க்காரி, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவள் "யூதனே" என்று அதட்டியபோது கூட்டம் கைதட்டியது. என் வசனங்களை நான் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கு நடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கைகால் தானாக நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். உயிர் வேண்டுமானால் மதம் மாறு என்று தீர்ப்பு வந்ததும் முன் வரிசையில் ஒரு துரைசானி சந்தோஷமாகத் தலையாட்டினார். இத்தனை பேரில் ஒருத்தருக்காவது அந்த மனுஷர் மேல் பரிதாபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

திரை விழுந்து மறுபடியும் எழுந்தது. வெள்ளை உடுத்திய பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். நான் மண்டியிட்டேன். போதகர் அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பக்கத்தில் முக்காலியில் கிண்ணம். அதில் தண்ணீர் இருந்தது. நிறைய இருந்தது. தண்ணீர் இல்லாமல் பார்க்க நன்றாக இருக்காது என்று கடைசி நிமிஷத்தில் மிஸ்ஸியம்மாதான் ஊற்ற வைத்திருக்கிறார்.

போதகர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போனது. மேடையை விட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. கையில் இருந்த புத்தகத்தைத் திறந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை.

"உன் சொந்த விருப்பத்தோடு வருகிறாயா?"

கோயிலில் கேட்கும் அதே குரல். நாடகக் குரலே இல்லை. இவர் யூதனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அதைப் புரிந்துகொண்டேன் என்று அவருக்கும் தெரியும். வருஷக் கணக்கில் நான் காத்திருந்த கேள்வி அதுதான். என் மனசுக்குள் அதற்குப் பதில் எப்போதோ தயாராக இருந்தது. நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். மாமனார் குழந்தையை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து போகத் தயாராகிவிட்டார். பெரியவர்கள் இருவரும் காது கேட்பதற்காக முன்னால் குனிந்தார்கள்.

"இல்லை" என்றேன்.

கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். திரைக்குப் பின்னால் யாரோ "ஆம், ஆம்" என்று எனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தார்கள். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். போதகர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் இல்லை என்றேன்.

"சம்மதம் இல்லாதவருக்கு நான் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை மூடினார்.

அவர் புத்தகத்தை மூடியதும் பாட வேண்டும் என்றுதான் பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. சொன்ன புத்தி மாறாமல் எல்லாரும் ஒரே குரலில் ஆனந்தமாகக் கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டார்கள். யூதன் மாட்டேன் என்கிறான், போதகர் இறங்கிப் போகிறார், இவர்கள் ஜாலரா தட்டிப் பாடுகிறார்கள். நீதிபதி என்னைப் பார்த்து, "இப்ப உன்ன இன்னாக்கா பண்றது?" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். உயிரை எடுக்க வேண்டும், தீர்ப்பு அப்படித்தான். மிஸ்ஸியம்மா இரண்டு கையையும் வீசித் திரையைப் போடச் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த அறைக்கு நான் வருவதற்குள் மாமனாரும் பெரியவர்களும் அண்ணனும் அங்கே வந்துவிட்டார்கள். குழந்தை இன்னும் மாமனார் தோளில்தான் இருந்தது. போதகர் அறை மூலையில் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா? 'இல்ல'ன்னு சொல்லிச்சி, எல்லார் எதிர்லயும். கொழந்தையக் குடுங்க மாமா" என்றான் அண்ணன்.

"ஆமாம்பா, ரெண்டு வாட்டி சொல்லிச்சி. காதால கேட்டோம்" என்றார் பெரியவர்களில் ஒருவர்.

மாமனார் என் தாடியைக் காட்டினார். "அது வேஷம் சொன்னது. வேஷம் பேசறதெல்லாம் செல்லுமா?"

அண்ணன் அதிர்ந்து பேசாதவன். மண்டியில் சாயபு கோபித்தாலும் குனிந்த தலை நிமிராதவன். அன்றைக்கு அவனுக்குக் குரல் எழுந்தது. "ஆமான்னு சொல்லியிருந்தா மட்டும் செல்லியிருக்குமா? அப்ப வேஷம்னு சொல்லி வுட்டிருப்பீங்களா? கொழந்தையத் தூக்கினு நேரா ஜட்கா ஏறியிருப்பீங்க. எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு நஷ்டம்னா, இத்தன பேரக் கூட்டினு இன்னாத்துக்கு வந்தீங்க?"

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் கண்ணிலும் தண்ணீர் நின்றது. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அவரை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கும் அது ஒன்றுதானே இருந்தது.

"நியாயந்தான்" என்றார் கடைசியில். "நான் ஒண்ணும் அநியாயம் பண்ண வரல. வேஷத்தக் கலைச்சிட்டு அது வாயால சொல்லட்டும். இந்த வேதத்துல சேர்றதுக்கு உனக்கு மனசுல ஆச இருக்குதா, இல்லியா? இப்ப சொல்லு. ஆச இல்லேன்னா கொழந்த உன்னுது. இனி நான் கேக்கவே மாட்டேன்."

தாடியைப் பிடித்து இழுத்தேன். பசையோடு தோலும் உரிந்து வந்தது. "அம்மா" என்று குழந்தை வீறிட்டுக் கையை நீட்டியது. மாமனார் விடவில்லை, பதிலுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் போதகர் அங்கியை மடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். என் மனசில் இருந்தது என்ன என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எனக்கு ஆச இல்ல மாமா. எப்பவும் இருந்ததில்ல" என்றேன்.

குழந்தையை என் கையில் கொடுத்தார். பெரியவர்கள் சாட்சி சொல்லத் தலையை ஆட்டினார்கள். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தில் இருந்த சுண்ணாம்பு நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நான் தலை நிமிர்ந்தபோது போதகர் அங்கே இல்லை.

அவர் அதற்குப் பிறகும் சில வருஷம் வேலூரில்தான் இருந்தார். நான் பரீட்சை தேறி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மகளையும் கூட்டி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி பின்வரிசையில் உட்கார்வேன். குழந்தை சௌக்கியமா என்று விசாரிப்பார். மற்றதை அவர் பேசவே இல்லை. நாலு பேர் முன்னால் இல்லை என்று சொன்னவளை மறுபடியும் கேட்பது முறையல்ல என்று நினைத்திருப்பார். மாமனார் நல்ல ஆயுசோடு இருந்தார். வருஷம் தவறாமல் பொங்கலுக்குக் கரும்போடு வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் இருக்கும் வரை நானாகப் போய்ப் போதகரிடம் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமனார் போனபோது அந்தப் போதகரும் போய்ச் சேர்ந்திருந்தார். வேறு ஒருவரிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

மிஸ்ஸியம்மா என் மேல் கோபிக்கவில்லை. அந்த யூதனின் ஆத்துமாவுக்காக அன்றைக்குத் தனியாக ஜெபம் செய்ததாக மட்டும் சொன்னார். என்னோடு வேலை பார்த்தவர்கள் அந்தக் கதையை ரொம்பக் காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யூதனுக்காக நான் ஒருத்தியாவது நியாயம் கேட்டேன் என்று பாராட்டியவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவர் உயிருக்குப் பயந்து ஆம் என்றார். நான் பிள்ளைக்குப் பயந்து இல்லை என்றேன். எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.